சைஸைக் கத்தாத டேக்

துணிக்கடைக்குள் நுழைந்தால் தஸ்னீமின் கை துணியைத் தொடாது. துணியில் தொங்குகிற அட்டையைத்தான் தேடிப் பிடிக்கும். அதைத் திருப்பிப் பார்ப்பாள். விளிம்பை நகத்தால் நெருடுவாள். துளை எங்கே போட்டிருக்கிறார்கள், எந்தக் கயிறு கட்டியிருக்கிறார்கள், விலைச் சீட்டு ஒட்ட இடம் விட்டிருக்கிறார்களா, இல்லை எழுத்தின் மேலேயே கடைக்காரன் ஒட்டித் தொலைக்க வேண்டியதா என்றெல்லாம் ஆராய்வாள். பெருநாளுக்குத் துணி எடுக்கப் போன குடும்பம் பைகளோடு வாசலில் நின்று கூப்பிடும்போதும் அவள் மாடியில் ஏதோ ஒரு சட்டையின் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "இவகூட கடைக்குப் போறதுக்கு நான் பழைய சட்டையவே போட்டுக்குவேன்" என்று தம்பி பயாஸ் கை கழுவிவிட்டான்.

அந்த அட்டைகளை வடிவமைப்பதுதான் அவளுக்குத் தொழில். சேலம் அஸ்தம்பட்டியில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே ஒற்றை அறை. கீழே பல்லைக் குடைகிற சத்தம், வெளியே ஏற்காடு ரோட்டு வண்டிகளின் சத்தம். அமைதியான இடத்தில் அவளால் உட்கார முடியாது. சத்தமான இடத்தில் மட்டும் உட்கார்ந்துவிடுவாளா என்றால், அதுவும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த சற்று நேரத்தில் கால் ஆட ஆரம்பிக்கும். எழுந்து ஜன்னலுக்குப் போவாள், படியிறங்கி டீக்கடைக்குப் போவாள், டீ வருவதற்குள் திரும்பி மேலே ஏறிவிடுவாள். டீக்கடைக்காரர் அவளுக்கு டீயை மேலேயே கொடுத்தனுப்பப் பழகிவிட்டார்.

அவளுடைய அத்தா கலீலுல்லா, கடைவீதியில் நூல், பித்தான், லேஸ், ஜிப் விற்கிற சிறிய கடை வைத்திருந்தார். மகள் ஓரிடத்தில் நிலைக்காததில் அவருக்கு வருத்தம் உண்டு. முதலில் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் சேர்ந்தாள். மணமக்கள் பெயரைவிடச் சித்தப்பாவின் பட்டத்தைப் பெரிதாகப் போடச் சொன்னார்கள் என்று சண்டை போட்டுவிட்டு வந்தாள். பிறகு ஃப்ளெக்ஸ் கடை. அதன்பிறகு திருப்பூரில் லேபிள் அடிக்கிற கம்பெனி. அங்கே மட்டும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தாள். வெளிநாட்டுக் கம்பெனிகள் அனுப்புகிற அட்டைகளை அப்படியே அடித்துக் கொடுக்கிற வேலை அது. ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. மாற்றினாள். வெளியே வந்தாள். கல்யாணமும் இப்படித்தான் முறிந்தது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது அப்படி இல்லை. ஆனால் அவள் யாரையும் திருத்தப் போகவில்லை.

அந்த அறைக்கு ஒரு நாள் தனப்பிரியா வந்தாள். நாமக்கல்லுக்கு அந்தப்பக்கம் மோகனூர் ரோட்டில் ஒரு தோட்டத்து வீட்டு மருமகள். மாமனார் மயில்சாமியின் கோழிப்பண்ணையில் காலியாகக் கிடந்த ஒரு கொட்டகையைக் கேட்டு வாங்கி, தையல் மெஷின்களை இறக்கி, நைட்டி தைத்து விற்றுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க்கா, நைட்டிக்கு டேக் போட்டுத் தருவீங்களா? பாக்கறவங்க அப்படியே சொக்கிப் போயிரோணும்" என்றாள்.

"நைட்டி எங்க?"

"போட்டோ இருக்குதுங்க."

"போட்டோ வேணாம். துணி வேணும்."

தனப்பிரியா சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நல்ல பருத்தி. தையல் நேராக இருந்தது. அதில் தொங்கிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சோபாவில் சாய்ந்துகொண்டு எதையோ பார்த்துச் சிரித்தாள்.

"இது யாருங்க?"

"தெரியலீங்க்கா. பிரஸ்காரரே போட்டுட்டாரு."

தஸ்னீம் மறுநாளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மோகனூர் ரோட்டுக்குப் போய்விட்டாள். நீளமான கொட்டகை. பக்கங்களில் பழைய கம்பிவலை அப்படியே இருந்தது. உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். "மழை பேஞ்சா மட்டும் பழைய வாசம் லேசா வருமுங்க. அதனால தெச்ச ஒடனே கவர்ல போட்டுருவோம்" என்றாள் தனப்பிரியா. ஒளிக்காமல் சொன்னது தஸ்னீமுக்குப் பிடித்துப்போனது. இவளுக்கு ஓர் அசத்தலான டேக் போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அசத்தலாகத்தான் போட்டாள். தடித்த கறுப்பு அட்டை. அதில் தங்க ஃபாயிலில் மெல்லிய ஒரு கொடி, அதன் நுனியில் பிராண்டின் பெயர். பட்டு நூலில் குஞ்சம். திருப்பூரில் கூட வேலை பார்த்தவர்களுக்குப் படம் அனுப்பினாள். எல்லோரும் கைதட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை முடித்துவிட்டு அதை மறுபடி திருத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தனப்பிரியா போன் செய்தாள்.

"அக்கா, டேக்க எல்லாரும் நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு சொல்றாங்க. நைட்டியத்தான் யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க."

சரக்கு அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது ஆத்தூரில் மாதேஷ் என்பவரின் கடைக்கு. மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிற பெரிய கடை. தஸ்னீம் பஸ் ஏறி ஆத்தூர் போனாள். நைட்டிப் பிரிவில் ராமாயி என்று ஒரு விற்பனைக்காரம்மா நின்றுகொண்டிருந்தார். அந்தக் கறுப்பு அட்டையை விரலால் தட்டிக்காட்டி, "இதப் பாத்துட்டு ஜனம் தொடவே பயப்படுது. வெல எக்கச்சக்கமா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு அடுத்த அடுக்குக்குப் போயிடுது. நான் கூப்ட்டு வெல இம்புட்டுதான்னு சொல்றதுக்குள்ள ஆளே இருக்கறதில்ல" என்றார்.

வீட்டு வேலைக்கிடையில் போட்டுக்கொள்கிற உடுப்புக்குக் கல்யாண நகைப்பெட்டி மாதிரி ஒரு டேக். அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் திரும்பிப் போகவில்லை. ஒரு தூணோரம் நின்று பார்க்க ஆரம்பித்தாள். அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும். சந்தை நாளில் வந்தாள், சும்மா நாளிலும் வந்தாள். ஒரே இடத்தில் நிற்க முடியாததால் இந்த அடுக்குக்கும் அந்த அடுக்குக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். இவள் துணி திருட வந்தவளோ என்று வாட்ச்மேனுக்கு முதலில் ஒரு சந்தேகம் இருந்தது.

பெண்கள் முதலில் துணியைக் கசக்கிப் பார்த்தார்கள். பிறகு கழுத்தை இழுத்துப் பார்த்தார்கள். ஜிப் இருக்கிறதா என்று தேடினார்கள். அதற்கப்புறந்தான் டேக்கைப் பிடித்தார்கள், அதுவும் விலைக்காகவும் சைஸுக்காகவும் மட்டும். அட்டையின் கொடியையோ குஞ்சத்தையோ ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. சைஸ் ஆங்கில எழுத்தில் ஒரு மூலையில் கடுகு மாதிரி இருந்தது. புரியாதவர்கள் கடையாளைக் கேட்டார்கள். கீழே அடுக்கில் இருப்பது மாதிரிக்குச் சிலதுதான், மீதிச் சரக்கு முழுக்க மாடியில். கடையாள் அந்தப் பெண்ணை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பான். பிறகு தலையைத் தூக்கி, மாடியைப் பார்த்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "டபுள் எக்ஸெல்லு போடு! இந்தம்மாவுக்கு!" என்பான்.

ஒரு தடவை, டீச்சர் மாதிரி இருந்த ஒருத்தி கையில் நீலப் பூப்போட்ட நைட்டியை வைத்துக்கொண்டிருந்தாள். பிடித்துப்போய்விட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. சத்தம் மேலே போனதும் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அவள் நைட்டியை மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். போன் வரவில்லை. தஸ்னீம் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அன்று சேலம் திரும்புகிற வழியெல்லாம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அடுப்படிக்குப் போனாள். அம்மா வஹீதுன்னிசா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஜவுளி எடுக்கப் போனால் அம்மா எப்போதும் உள்ளே வராமல் வாசல் படிக்கட்டிலேயே நின்றுகொள்வார். வீட்டுக்குத் துணி மூட்டை தூக்கி வருகிற ஒரு பெண்ணிடந்தான் தனக்கு வேண்டியதை வாங்குவார்.

"நீ ஏம்மா ஜவுளிக் கடைக்குள்ள வர்றதே இல்ல?"

"முட்டி வலிக்குதுடி."

"நகைக் கடைக்குள்ள போனா மட்டும் முட்டி வலிக்காதா?"

அம்மா இன்னொரு பல்லை உரித்தார். "அத ஏன் இப்பக் கேக்குற?"

"சொல்லும்மா."

"ஒனக்குப் பாவாட சட்ட எடுக்கப் போனோம். சின்னப் புள்ள நீ. சரி, நமக்கும் ஒண்ணு பாப்போமேன்னு கேட்டேன். அந்தாளு மேல பாத்து, 'இருக்கறதுலயே பெருசா எடுத்துப் போடு, பாட்டிக்கு'ன்னான். எனக்கு அப்ப நாப்பதுகூட ஆவல. நின்ன பொண்ணுங்க எல்லாம் சிரிச்சாங்க." பூண்டுத் தோலை ஓரமாக ஒதுக்கினார். "நானுந்தான் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது? அதோட சரி."

தஸ்னீம் பூண்டுத் தோலைக் கையில் எடுத்து நொறுக்கிக்கொண்டே நின்றாள். "ஒண்ணு உக்காரு, இல்ல வெளிய போ. குறுக்க நின்னு ஆடாத" என்றார் அம்மா.

மறுநாள் தனப்பிரியாவின் கொட்டகையில் தஸ்னீம் விஷயத்தைச் சொன்னாள். எல்லோருக்கும் புரிந்தது. அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. எக்ஸெல், டபுள் எக்ஸெல் வேண்டாம், சைஸுக்குப் பூப்பெயர் வைத்துவிடலாம் என்பதுதான் அவள் கொண்டுபோன யோசனை. சின்னது முல்லை, நடுவில் ரோஜா, பெரியது தாமரை.

"அய்யோ, அழகா இருக்குதுங்க்கா!" என்று தனப்பிரியா துள்ளினாள்.

காஜா எடுத்துக்கொண்டிருந்த தடித்த உடம்புக்காரம்மா ஒருவர் மெஷினை நிறுத்தினார். "அப்ப நாளையில இருந்து எம்பட ஊட்டுக்காரரு என்னயத் தாமரைம்பாருங்க" என்றார். கொட்டகையே சிரித்தது.

தஸ்னீமுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது சரி. எந்தப் பெயரை வைத்தாலும் ஒரு மாதத்தில் அது கேலிப் பெயராகிவிடும். பெயரை மாற்றி என்ன புண்ணியம்? கத்துவதற்கே ஒன்றும் இருக்கக் கூடாது. வாங்க வருகிறவள் யாரையும் கேட்காமல் தன்னுடையதைத் தானே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அதற்கு அவளுக்குத் தன் அளவு தெரிந்திருக்க வேண்டுமே. தஸ்னீம் கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். நடந்துகொண்டே ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். டபுள் எக்ஸெல் என்றால் எத்தனை அங்குலம் என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. ஆனால் தன்னுடைய ஜாக்கெட் அளவு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முப்பத்தாறு, நாற்பது, நாற்பத்திரண்டு என்று யோசிக்காமல் சொன்னார்கள். டெய்லரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய எண்.

அங்கிருந்துதான் அந்த டேக் பிறந்தது. சாதாரண வெள்ளை அட்டை, கையெழுத்து மாதிரி இல்லாத தெளிவான தமிழ் எழுத்து. முன்பக்கம் பிராண்டின் பெயர், துணி என்ன துணி, ஜிப் உண்டா இல்லையா. விலைக்கு என்று காலியாக விட்ட ஒரு கட்டம். 'முதல் தடவை தனியாகத் துவைக்கவும், கொஞ்சம் சாயம் போகும்' என்று ஒரு வரி. அந்த வரி வேண்டாம் என்று தனப்பிரியா மன்றாடினாள், தஸ்னீம் விடவில்லை. பின்பக்கம், 'ஜாக்கெட் 40, 42 போடுகிறவர்களுக்கு' என்று சின்னதாக. சைஸ் எழுத்து எங்கேயும் கிடையாது. அட்டையைப் பிளாஸ்டிக் ஊசியில் மாட்டாமல் பருத்தி நாடாவில் கட்டினாள். அளவுக்கு ஒரு நிறம்: நீலம், பச்சை, மஞ்சள், ரோஸ். சிறிதிலிருந்து பெரிதாகப் போகிற மாதிரி நிறங்களை வரிசைப்படுத்தாமல் வேண்டுமென்றே கலைத்துப்போட்டாள். நைட்டியை மடித்து அடுக்கினாலும் நாடாவின் நுனி வெளியே எட்டிப் பார்க்கிற நீளம். நாடாவை அத்தாவின் கடையிலிருந்தே எடுத்தாள். சாயம் ஒட்டுகிறதா என்று ஒவ்வொரு நிறத்தையும் வெள்ளைத் துணியோடு முடிந்து ஊறப்போட்டதில் வீட்டு வாளிகள் எல்லாம் சாயமேறிப் போயின. ரோஸ் நிறம் ஒட்டியது. வேறு ரோஸ் தேட வேண்டியிருந்தது.

அடுத்த லோடு ஆத்தூர் போய்ச் சேர்ந்த சில நாட்களில் தஸ்னீமும் போனாள். அடுக்கில் இருந்த ஒவ்வொரு டேக்கின் மேலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டச் சீட்டு ஒட்டியிருந்தது. XL. XXL. தூரத்திலிருந்தே தெரிந்தது.

அவள் ஒன்றைப் பிய்த்தாள். அடுத்ததையும் பிய்த்தாள். ராமாயி, "வேணாம் கண்ணு, மொதலாளி பாக்கறாரு" என்றார். கல்லாவிலிருந்து மாதேஷ் எழுந்து வந்தார்.

"கைய எடும்மா. யாரு நீ?"

"இந்த டேக் போட்டது நாந்தாங்க."

"நீதானா? சைஸ் எங்கம்மா? இதப் பாத்து நான் பில்லு போடறதா, கோலம் போடறதா?"

"பின்னாடி இருக்குங்க. அவங்களே பாத்து எடுத்துப்பாங்க. உங்க ஆளு சத்தம் போட வேண்டியதில்ல."

"சத்தம் போடாம எப்படிம்மா? சரக்கு மாடில கெடக்குது. கீழருந்து நான் புறா உடறதா?"

"அந்தச் சத்தத்துல எத்தன பேரு வாங்காம போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? நான் பாத்தேன்."

"முப்பது வருசமா நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." அவர் கோபப்படவில்லை. களைத்தவர் மாதிரி சொன்னார். "யாவாரத்த எனக்கு உடு. அட்டைய நீ பாத்துக்க."

அவள் பிய்த்த சீட்டுகள் கை முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தன. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவற்றை உரித்துக்கொண்டே நடந்தாள். அவள் பஸ் ஏறுவதற்குள் தனப்பிரியாவிடமிருந்து போன்.

"அக்கா, மாதேஷண்ணன் கூப்ட்டாருங்க. கடையில போய்ச் சண்ட போட்டீங்களாமா? நான் நைட்டி விக்க வந்தவளுங்க. ஊரத் திருத்த வரலீங்க."

"சண்ட போடலங்க. பேசினேன்."

"உங்க பேச்சு அப்படித்தானுங்க்கா இருக்குது" என்றாள் தனப்பிரியா. ஆனால் டேக்கை மாற்றச் சொல்லவில்லை. அடித்து வைத்த அட்டை நிறைய இருந்தது.

அதன்பிறகு வந்த வாரங்களில் தஸ்னீம் யாருடனும் சரியாகப் பேசவில்லை. வேறு வேலைகள் இருந்தன. பிள்ளைகளின் ஜட்டிக்கு ஒரு டேக், வேட்டிக்கு ஒன்று. எதையும் முடிக்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பனமரத்துப்பட்டி ஏரி வரைக்கும் போவாள். கரையில் போய் நின்றதுமே எதற்கு வந்தோம் என்று தோன்றிவிடும், வண்டியைத் திருப்புவாள். தோற்றுவிட்டோமா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் இருப்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

தீபாவளி முடிந்த வாரம் மாதேஷே கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த நாடா வச்ச சரக்கு தெச்சுத் தர்ற பொண்ணு போன எடுக்கல. நீ சொல்லி, இன்னும் அனுப்பச் சொல்லு."

தஸ்னீம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "வித்துருச்சுங்களா?"

"விக்கறது இருக்கட்டும். தீவாளிக் கூட்டத்துல ஜனம் பிரிச்சுப் போட்டுட்டுப் போற சரக்க அடுக்கறதுக்குள்ள எங்க ஆளுங்களுக்குத் தாவு தீந்துரும். உன்னுது மட்டும் நாடாவப் பாத்துப் பாத்து டக்கு டக்குன்னு அடுக்கிட்டானுங்க. சீட்டு ஒட்டற வேலையும் மிச்சம். மாடிலேருந்து எறக்கிக் கீழயே நாலு அடுக்கு போட்டுட்டேன்."

"அப்ப இப்ப மேல பாத்துச் சத்தம் போடறதில்லையா?"

"கீழயே இருக்கும்போது எதுக்கும்மா சத்தம்?"

"பொம்பளைங்க என்ன சொல்றாங்க?"

"அவங்க என்ன சொல்றாங்க? ஒண்ணும் சொல்லல. வராங்க, பாக்கறாங்க, எடுத்துக்கிட்டுப் போறாங்க."

போனை வைத்துவிட்டுத் தஸ்னீம் படியிறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் ஒரு முள் இருந்தது. அவள் நினைத்த காரணத்துக்காக அந்த டேக் ஜெயிக்கவில்லை. அடுக்குவதற்குச் சுலபமாக இருந்ததால் ஜெயித்தது. அம்மாவிடம் சொன்னபோது, "எதுக்காக இருந்தா என்னடி? சத்தம் நின்னுச்சா இல்லியா?" என்றார். அது போதும் என்று நினைக்கப் பார்த்தாள். பொங்கல் வரைக்கும் போதுமாகத்தான் இருந்தது.

பொங்கலுக்குள் மற்ற நைட்டிக்காரர்களும் நாடா கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நிறங்கள் அதே நிறங்கள். ஆனால் அளவு அவரவர் இஷ்டம். தனப்பிரியாவின் நீலம் நாற்பது என்றால் இன்னொருவனின் நீலம் முப்பத்தாறு. தஸ்னீம் ஆத்தூர் போயிருந்த ஒரு நாள், நீலத்தை நம்பி எடுத்துப் போன ஒருத்தி வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, முகம் சுண்டித் திரும்பி வந்தாள். "இது பத்தல, இதவிடப் பெருசு" என்று கல்லாவில் நின்று, எல்லோர் முன்னாலும் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. "முன்னாடி அவனுங்க கத்துனானுங்க. இப்ப இதுங்களே சொல்ல வேண்டியிருக்கு" என்றார் ராமாயி.

தஸ்னீம் மோகனூர் ரோட்டுக்குப் போனாள். எல்லோருக்கும் ஒரே அளவுக்கு ஒரே நிறம் என்று வைத்துவிட்டால் குழப்பம் தீரும், நம்முடைய கணக்கை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று தனப்பிரியாவிடம் கேட்டாள்.

தனப்பிரியா அவளை வேடிக்கையாகப் பார்த்தாள். "நாம மண்டைய ஒடச்சுக்கிட்டுக் கண்டுபுடிச்சத நாமளே தூக்கிக் குடுக்கறதுங்களா?"

"அவங்க எப்படியும் எடுத்துட்டாங்க. தப்பா எடுத்துட்டாங்க. அதான் பிரச்சன."

"அவிங்களுது தப்பா இருந்தா நம்மகிட்டத்தானுங்க வருவாங்க. நல்லதுதானுங்க? வேண்டாங்க்கா. குடுக்காதீங்க."

சரி என்றுதான் தஸ்னீம் சொல்லிவிட்டு வந்தாள். தனப்பிரியா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கொட்டகையில் அத்தனை பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அறையில் உட்கார்ந்தால் கால் நிற்கவில்லை. ஆத்தூர்க் கல்லாவில் நின்ற அந்தப் பெண்ணின் முகம், காதில் போனை வைத்துக்கொண்டு போன டீச்சர், தானும் சேர்ந்து சிரித்த அம்மா. நாலைந்து நாள் அலைக்கழிந்தாள். பிறகு போனாள்.

ஆத்தூரிலேயே நைட்டி தைக்கிற கந்தன் என்பவர்தான் பெரிய ஆள். அவரைப் பார்த்து எந்த நிறத்துக்கு எந்த ஜாக்கெட் அளவு என்று ஒரு அட்டையை நீட்டினாள். அவர் வாங்காமல் அதைப் பார்த்தார்.

"எதுக்கும்மா சும்மா குடுக்கற? உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க. இதே மாதிரி கட்டுங்க. அது போதும்."

"இதுல ஏதாச்சும் வில்லங்கம் இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப நல்லா யோசிக்கணும்" என்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேரிடமும் அதே அட்டையைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே தனப்பிரியாவிடம் போனாள். வேறு வாயிலிருந்து அது அவளுக்குத் தெரியக் கூடாது.

தனப்பிரியா துணி வெட்டிக்கொண்டிருந்தாள். தஸ்னீம் சொல்லி முடிக்கும்வரை கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

"நீங்க எங்கிட்டக் கேட்டீங்க" என்றாள். "நான் வேண்டாம்னேன். அப்பறம் எதுக்குங்க கேட்டீங்க?"

தஸ்னீம் கீழே கிடந்த துணித் துண்டு ஒன்றைப் பொறுக்கி மடித்தாள்.

"உங்க மனசுக்கு அது சரின்னு பட்டிருக்கும். எனக்குப் புரியுதுங்க. ஆனா இது எம்பட பொழப்புங்க்கா. நீங்க ஊருக்கு நல்லது பண்றதுக்கு எம்பட கையில இருக்கறதத்தான் எடுத்துக் குடுக்கோணுமா?" கத்தரியைத் துணியின் மேல் வைத்தாள். "டீ குடிச்சுட்டுப் போங்க. இனிமே வராதீங்க."

டீ வந்தது. அதைக் குடிக்காமல் போவதும் தப்பு, குடிப்பதும் தப்பு. நின்றுகொண்டே குடித்தாள். தைக்கிற பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை.

அதன் விலையை அவள் கொடுத்தாள். சேலம் நாமக்கல் வட்டாரத்தில் துணிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். "நல்லா போடுவா, ஆனா உங்க சரக்கத் தூக்கிப் பக்கத்துக் கடைக்காரனுக்குக் குடுத்துருவா" என்ற பேச்சு அஸ்தம்பட்டிக்கு அவளைத் தேடி வருகிறவர்களைப் பாதியாக்கியது. நாடா கேட்டுக் கடைக்கு வந்தவர்களுக்கு அத்தா, நிறத்தையும் அளவையும் தானே வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று பயாஸ் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. செய்தது சரியா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. சில நாள் சரி என்று பட்டது. தனப்பிரியாவின் கத்தரி நினைவுக்கு வருகிற நாட்களில் அப்படிப் படவில்லை.

அடுத்த ஆடித் தள்ளுபடி சமயம் பள்ளிச் சீருடை டேக் ஒன்றுக்காக அவள் மறுபடி ஆத்தூர் போக வேண்டியிருந்தது. மாதேஷ் கடையில் நைட்டிப் பிரிவு அகலமாகியிருந்தது. நான்கைந்து பிராண்டுகள் ஒரே அடுக்கில் கலந்து கிடந்தன. எல்லாவற்றிலும் நாடா. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். நீலம் எல்லாம் நாற்பது, நாற்பத்திரண்டு. ஒன்றுகூட மாறவில்லை.

ஒரு பெண் வந்தாள். கையில் காய்கறிப் பை, இடுப்பில் குழந்தை. பருத்த உடம்பு. "நீல நாடாவுல பூப்போட்டது ஏதாச்சும் இருக்காக்கா?" என்று ராமாயியைக் கேட்டாள். ராமாயி இரண்டை எடுத்துப் போட்டார். அவள் துணியைக் கசக்கிப் பார்த்து, ஜிப்பை இழுத்துப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் யாரையும் பார்க்கவில்லை. கண் இமைக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. தஸ்னீம்தான் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் கண்ணு, மாரியாத்தா செல கணக்கா நின்னுட்ட?" என்றார் ராமாயி.

"ஒண்ணுமில்லக்கா" என்றாள். நின்றுகொண்டிருக்கிறோம் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பஸ்ஸில் வரும்போது போன் அடித்தது. தனப்பிரியாவின் எண்.

"அக்கா, நாந்தானுங்க. கோவம் இன்னும் போகலீங்க, அத மொதல்ல சொல்லிப்போடறேன்."

"சரிங்க."

"உள்பாவாட தெக்க ஆரம்பிச்சிருக்கறேனுங்க. சேலத்துலயே வேற ஒருத்தருகிட்ட டேக்குக் குடுத்தேன். போட்டுக் குடுத்திருக்கறாரு." அட்டையைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "கறுப்பு அட்டைங்க. தங்கக் கலர்ல கொடி."

தஸ்னீமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கமும் சிரிப்பு கேட்டது. ஆனால் சட்டென்று நின்றுவிட்டது.

"இந்தத் தடவ நான் வேண்டாம்னா வேண்டாமுங்க. ஒத்துக்கிட்டா வாங்க."

தஸ்னீம் உடனே சரி என்று சொல்லவில்லை. போன தடவை அப்படித்தான் சொன்னாள். ஜன்னல் வழியாக மரவள்ளிக் காடுகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. "வேண்டாம்னு நீங்க சொல்றப்போ, ஏன்னு கேட்டுச் சண்ட போடுவேன்" என்றாள். "ஆனா உங்களுக்குத் தெரியாம எதையும் குடுக்க மாட்டேன். உங்கள மீறியும் குடுக்க மாட்டேன்."

"சண்ட போடுங்க. அது பரவாயில்லீங்க" என்றாள் தனப்பிரியா. "எப்ப வாரீங்க?"

"உள்பாவாடைக்கு நாடா நீங்க எந்தப் பக்கம் உடறீங்க? எடது பக்கமா, நடுவுலயா?"

"அது வந்துங்க..."

"இருங்க, சொல்ல வேணாம். நான் வந்து பாத்துக்கறேன்" என்று எழுந்து, பஸ் இன்னும் சேலத்துக்கு முன்னால் வருகிற அயோத்தியாப்பட்டணத்தைக்கூடத் தாண்டவில்லை என்பதைக் கவனிக்காமல், படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.